திமிஷ்க் இழந்த அரங்கு

அரபு நாடகத்தின் தொடக்கத்தைப் பேசுவோர், பைரூத் நகரில் மாரூன் அந்-நக்காஷ் 1847இல் தம் இல்லத்தில் மேடையேற்றிய 'அல்-பகீல்' நாடகத்தையே முதலில் குறிப்பிடுவர். நக்காஷ், தாம் இத்தாலியில் கண்ட மேடைக்கலையை அரபு மொழிக்குக் கொணர்ந்தவர். அவருக்குப் பின் வந்த திமிஷ்க் நகரத்து அபூ கலீல் அல்-கப்பானீயின் வழி வேறு. ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளையும், முவஷ்ஷஹ் எனும் இசைப்பாடல் மரபையும் கொண்டே அவர் தம் நாடகங்களை அமைத்தார். எழுதியவரும் இசையமைத்தவரும் நடித்தவரும் குழுவை நடத்தியவரும் அவரே.

1878 முதல் 1880 வரை சிரியாவின் ஆளுநராயிருந்த மித்ஹத் பாஷா அவருக்கு ஆதரவளித்தார். அவர் பதவி நீங்கியபின் எதிர்ப்பு வலுத்தது. கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதை மேடையில் வேடமிட்டுக் காட்டுவது இழிவு என்றும், சிறுவர்கள் பெண்வேடம் புனைவது ஒழுக்கக்கேடு என்றும் குற்றம் சாட்டப்பட்டது. ஷெய்கு ஸயீத் அல்-கப்ரா இஸ்தான்பூல் சென்று முறையிட்டார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் அரங்கு மூடப்பட்டது.

பெண்வேடம் குறித்த மார்க்க அறிஞரின் கவலையை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் குறையைத் திருத்தச் சொல்வது வேறு. கலையையே அடைத்துவிடுவது வேறு. அதே திமிஷ்கின் காப்பிக் கடைகளில் ஹகவாத்தி எனப்படும் கதைசொல்லிகள் அன்தராவின் வீரக்கதையை இரவுதோறும் சொல்லிவந்தனர். செவிவழிக் கதைக்குத் தடையில்லை. கண்முன் நிகழ்ந்ததே குற்றமாயிற்று.

1884இல் கப்பானீ தம் குழுவுடன் இஸ்கந்தரிய்யா சென்றார். எகிப்து அவரை வரவேற்றது. பின்னாளில் ஸலாமா ஹிஜாஸி போன்றோர் புகழுடன் வளர்த்த இசைநாடகத்திற்கு வழியமைத்தோருள் அவரும் ஒருவரானார். 1900இல் கெய்ரோவிலிருந்த அவருடைய அரங்கு தீக்கிரையானது. முதுமையில் அவர் திமிஷ்குக்கே திரும்பி, சில ஆண்டுகளில் மறைந்தார்.

காலம் தன் தீர்ப்பைப் பின்னர் வழங்கியது. அவர் குடும்பத்திலேயே தோன்றிய கவிஞர் நிஸார் கப்பானீ அரபுலகெங்கும் போற்றப்பட்டார். சிரிய நாடகாசிரியர் ஸஃதுல்லாஹ் வன்னூஸ், அபூ கலீலின் வாழ்வையே நாடகமாக்கினார். எந்த மண்ணில் அவர் மேடை மூடப்பட்டதோ, அம்மண்ணின் மைந்தரே அவரை மேடையேற்றினார். தடையால் கலை அழியவில்லை, இடம்பெயர்ந்தது. இழப்பு, தடுத்த நகருக்கே என்பதை நாம் இவ்வரலாற்றில் காண்கிறோம்.