கிராமர் கேட்ட பிள்ளைகள்

கலைப்பீடத்துக்குள் வருகிற ஒவ்வொரு பட்ச்சும் முதலாம் வருட ஆங்கில வகுப்பில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சேர், கிராமர் எப்ப படிப்பிப்பீங்கள்?" இப்போதைய பாடத்திட்டங்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கதையுங்கோ, குழுவாய்ச் செய்யுங்கோ, பிழை விட்டாலும் பரவாயில்லை என்றுதான் அவை சொல்கின்றன. கிராமர் கேட்கிற பிள்ளை பழைய பஞ்சாங்கம். இந்த முடிவுக்கு அவசரப்பட்டு வரத் தேவையில்லை என்பதுதான் எங்கள் கட்சி. அதற்கு ஆதாரம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மதத்தைப் பரப்பப் படித்த ஆட்கள். வந்த பிள்ளைகளில் கனபேருக்கு வேண்டியிருந்தது ஆங்கிலமும் அதனால் கிடைக்கிற அரசாங்க உத்தியோகமும். இந்த இழுபறி கடைசிவரை தீரவில்லை. 1855 இல் செமினரி மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, பிறகு பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் போனார். மிஷன் திட்டமிட்ட பயிர் இதுவல்ல!

அதாவது, ஆங்கிலத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் மாணவருக்கும் ஒரு சொல் அப்போதே இருந்தது.

இனி 1990களின் தொடக்கத்துக்கு வருவோம். இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிவிட்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை வேறு. அந்த நேரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, முதலாம் வருடக் கலைப்பீட மாணவர் 22 பேரின் வகுப்பொன்றைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பாடநூல் அமெரிக்காவில் இருந்து வந்தது. அதில் இருந்ததும் அமெரிக்க வாழ்க்கைதான். நாட்கள் போகப் போக வகுப்புக்கு வருவோர் குறைந்தார்கள். வந்தவர்களும் உரையாடல் பயிற்சிகளை விட்டு, கிராமரையும் நோட்ஸையும்தான் கேட்டார்கள்.

அவர் ஒரு கெட்டித்தனமான வேலை செய்தார். மாணவர்களின் பாடநூல்களை வாங்கி, பக்க ஓரங்களில் அவர்கள் என்ன கிறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தார். தமிழ்ப்படம், காதல், அந்நேரத்துப் போராட்டம் எல்லாம் அங்கே இருந்தன. பாடத்தின் நடுவே அமெரிக்கா, ஓரத்தில் யாழ்ப்பாணம்! வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் ஓரத்தில் நல்லாய்க் கதைத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் கிராமர்? கனகராஜாவின் விளக்கம் இப்படிப் போகிறது: உரையாடல் பயிற்சி செய்ய, அந்தப் பாடநூல் மனிதர்களின் வாழ்க்கைக்குள் புகுந்து நடிக்க வேண்டும். கிராமர் அதைக் கேட்பதில்லை. விதியைப் படிக்கலாம், சோதனை பாஸ் பண்ணலாம், தான் தானாகவே இருக்கலாம். 1993 இல் கட்டுரையாகவும் 1999 இல் வந்த அவருடைய புத்தகத்திலும் இந்த வாதம் இருக்கிறது.

எங்களுக்கு இது பெரும்பாலும் சரியாகப் படுகிறது. ஆனால் இன்னொரு சாதாரணக் காரணத்தையும் சேர்க்க விரும்புகிறோம். வீட்டிலும் ஊரிலும் ஆங்கிலம் கதைக்க ஆளில்லாத பிள்ளைக்கு, தனிய இருந்து குப்பி விளக்கில் படிக்கக்கூடிய பகுதி கிராமர் மட்டும்தான். உரையாடலுக்கு இன்னொரு ஆள் வேண்டும். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அதோடு, இலக்கணம் எங்கள் ஊருக்குப் புதிதான சாமானும் இல்லை. நாவலர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'இலக்கணச் சுருக்கம்' எழுதிய ஊர் இது.

கிராமர் ஒருமாதிரிச் சரிவந்தாலும் அடுத்த கண்டம் கட்டுரை எழுதுவது. ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை எப்படி அமைகிறது என்பதற்கு ஜோன் ஸ்வேல்ஸ் 1990 இல் கொடுத்த மாதிரி ஒன்று இருக்கிறது. கல்வித்துறை எழுத்தைப் படிப்பிக்கிற இடங்களில் எல்லாம் அது இப்போது பரவலாகிவிட்டது. முதலில் துறையை அறிமுகம் செய். அடுத்து, முன்னையவர்கள் விட்ட இடைவெளியைக் காட்டு. பிறகு, அதை நான் நிரப்புகிறேன் என்று சொல். எங்களில் கனபேர் தடுக்கி விழுவது இரண்டாவது படியில். பெரிய பேராசிரியர்கள் எழுதியதில் குறை இருக்கிறதென்று முதல் பக்கத்திலேயே எப்படி எழுதுவது? எங்கள் பழைய நூல்களின் வாசலில் இருப்பது அவையடக்கம். கற்றோர் முன் தன்னைச் சிறியவன் என்று சொல்லித்தான் புலவன் வாய் திறக்கிறான். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு இடைவெளி காட்டுவது ஒரு மரியாதைக்கேடு போல இருக்கும். இதை வெறும் 'ஆங்கிலம் போதாது' என்று திருத்துவது நோயை மாற்றிப் பிடிப்பதுபோல. இந்தப் படிக்கு இலக்கண விதி எதுவும் உதவாது. அது வேறொரு சபையின் வழக்கம் என்று யாராவது முதலே சொல்லித்தந்தால், பழகலாம்.

கனகராஜா 2002 இல் எழுதிய இன்னொரு புத்தகம் இந்த வழக்கங்களின் அடியில் கிடக்கிற பொருளைப் பற்றியது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் தாளுக்கே தட்டுப்பாடு. வெளிநாட்டு ஆய்விதழ்களோ வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்து, பல பிரதிகள் அனுப்பச் சொல்லும். இரட்டை இடைவெளி என்றால் இரட்டைத் தாள். அண்மைய ஆய்வுகளை மேற்கோள் காட்ட வேண்டும், ஆனால் அந்த இதழ்கள் குடாநாட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்வதில்லை. நல்ல சிந்தனை இருந்தும் திரும்பி வரக்கூடிய கட்டுரைகள் இவை, ஆங்கிலம் பிழையென்று இல்லை, தாள் இல்லையென்று.

இரட்டை இடைவெளி, நாலு பக்கமும் ஓரம் விடு என்ற விதி எங்கள் அசைன்மென்ட் தாள்களிலும் அப்படியே இருக்கிறது. இப்போது தாள் கிடைக்கிறது, போட்டோகொப்பிக் கடை வாசலிலேயே இருக்கிறது. ஓரத்தில் எழுதுகிறவர் மட்டும் மாறிவிட்டார், அங்கே இப்போது லெக்சரரின் சிவப்புப் பேனை.