கிட்டங்கியில் புதிய ஆள்

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் நிறைந்திருந்த காலத்தில், செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த இளைஞன் வந்தவுடன் கொடுக்கல் வாங்கலில் கைவைப்பது என்பது இல்லை. அவன் நகரத்தார் குலத்தில் பிறந்தவனே. முருகப் பெருமானின் திருநீற்றை நெற்றி நிறைய அணிந்தவனே. சொந்த ஊரில் அவன் குடும்பத்தை அறியாதார் இலர். ஆயினும் கடையின் பெயரால் ஒரு வெள்ளி கடன் கொடுக்கவோ வாங்கவோ அவனுக்கு உரிமை கிடையாது. பெட்டியடிப் பையன் என்பதே அவனுக்குரிய பெயர். பணப்பெட்டியின் அருகில் அவன் இடம். பெட்டியோ அவன் கையில் இல்லை.

புதிதாக வருபவரை உடனே வாணிகத்தில் இறங்க விடாமல் தடுத்து வைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அஞ்சல் தலையும் பழங்காசும் சேகரிப்போரின் வட்டங்களில்கூட, சேர்ந்து சில காலமாகாதவர் பொருளை விற்கவும் வாங்கவும் இடந்தராத விதிகளைக் காணலாம். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது பழையவர்களின் செருக்காகவும் தன்னலமாகவும் தோன்றும். ஓரளவு அவ்வாறு இருப்பதும் உண்மையே. ஆனால் செருக்கு ஒன்றே காரணமாயின், தங்கள் பிள்ளைகளையும் மருமக்களையும் நகரத்தார் இவ்வாறு காக்க வைத்திருக்க வேண்டுவதில்லை அன்றோ?

தமிழர் வாணிக வரலாற்றில் இவ்வழக்கம் மிகப் பழையது. சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில், பரூசுக்கு அருகிலுள்ள லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்னும் பெரு வணிகக் குழுவினர் பொறித்தது. அவர்களது பட்டினத்திற்கு வரும் மரக்கல நாயகனும் அவனைச் சேர்ந்தோரும் கஸ்தூரி விலையை அளவாகக் கொண்ட பொன் கட்டணத்தைச் செலுத்திய பின்னரே பாவாடை ஏறலாம் என்பது அதன் கருத்து. விரித்த துணியின்மேல் கால் வைப்பதற்கே ஒரு முறை இருந்தது என்க.

சிங்கப்பூருக்கு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்து சேர்ந்தனர். 1859ஆம் ஆண்டில் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் சென்று சேரும் கோயில் அதுவே. வழிபாடு அங்கு, தொழிலோ மார்க்கெட் தெருவில். அத்தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்றே வழங்கினர்.

கிட்டங்கி என்பது நீண்டு உட்செல்லும் ஒரு கூடம். அதில் பல கடைகள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். கடை என்றால் கதவும் பலகையும் உடைய தனிக் கடை என்று எண்ணிவிடலாகாது. ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, பேரேடுகள். இவ்வளவே ஒரு நிறுவனம். பக்கத்துப் பாயில் இன்னொரு நிறுவனம். சீனக் கடைக்காரர்களும் அரசு ஊழியர்களும் தோட்ட உரிமையாளர்களும் வந்து கடன் கேட்பது எல்லார் காதிலும் விழும். இரவில் படுத்துறங்குவதும் அக்கட்டடத்திலேயே. இத்தகைய இடத்தில் ஒருவன் செலவாளியா, சூதாடியா, கணக்கில் நாணயமுள்ளவனா என்பதை அறிய ஒற்றர் வேண்டியதில்லை.

பையன் முதலில் எடுபிடி வேலை செய்தான். சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வட்டி பிரிக்கப் போகும் மூத்தவர் பின்னே நடந்து, வாடிக்கையாளர்களின் முகத்தையும் மலாய் மொழியையும் கற்றான். முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று ஊரில் மனப்பாடம் செய்த பின்ன வாய்பாடுகள் இங்கே வட்டிக் கணக்கில் உயிர் பெற்றன. பின்னர் அடுத்தாள் ஆனான். அதன்பின், தகுதி கண்டால், மேலாள் ஆனான். மேலாளே முதலாளியின் முகவர். பவர் பத்திரம் பெற்று, நிறுவனத்தின் விலாச எழுத்துகளோடு கையொப்பமிடுபவர் அவரே. அவருக்கும் பொதுவாக மூன்றாண்டுத் தவணைதான். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அவர் தம் சொந்தக் கணக்கில் தொழில் செய்வது கூடாது. ஐந்தொகை ஊரிலுள்ள முதலாளிக்குச் சென்றுகொண்டே இருக்கும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? அதற்கு விடை நகரத்தாரின் முதலீட்டு முறையில் உள்ளது. கடை நடத்துபவரின் சொந்தப் பணமாகிய முதல் பணம் ஒரு பகுதி. உறவினரும் கோயில்களும் பெண்மக்களின் சீதனமும் வைத்த வைப்புப் பணம் மற்றொரு பகுதி. இவை போதாதபோது ஒரு கடை அடுத்த கடையிடம் கைமாற்றாக வாங்கும். ஈடும் இல்லை, பத்திரமும் பெரும்பாலும் இல்லை; பேரேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். அதற்குரிய நடப்பு வட்டியைத் தாங்களே கூடி நிர்ணயித்தனர். இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் அக்கூட்டம் நடைபெற்றது. வெளியாருக்குக் கொடுக்கும் வட்டியைவிட நடப்பு வட்டி குறைவு.

ஆகவே, ஒருவனைக் கொடுக்கல் வாங்கலில் அனுமதிப்பது அவனுக்கு ஒரு பாய் விரிப்பதோடு நிற்பதில்லை. அத்தெருவிலுள்ள அனைவரது பெட்டியையும் அவனுக்குத் திறந்துவிடுவதாகும். அவன் ஓடிப்போனால் இழப்பு ஒருவருக்கன்று. ஐரோப்பிய வங்கிகளும் செட்டியார் என்ற பெயரை நம்பியே கடன் கொடுத்தன. அப்பெயர் பொதுச் சொத்து. 1925ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே செட்டியார் நிறுவனங்கள் நொடித்தபோது, வங்கிகள் குற்றமற்ற செட்டியார்களுக்கும் கடனைச் சுருக்கிவிட்டன. அவர்களை நம்பியிருந்த சிங்கள, தமிழ் வணிகரும் கடனின்றித் தவித்தனர்.

இலண்டன் பங்குச் சந்தையார் இதே இக்கட்டை வேறு வழியில் தீர்த்தனர். காப்பிக் கடைகளில் யாரும் வந்து பேரம் பேசிய நிலையை மாற்றி, 1801ஆம் ஆண்டில் அதனை உறுப்பினர்க்கு மட்டுமே உரிய சந்தையாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உறுப்பினர்கள் பிணை நின்றனர். முதற் சில ஆண்டுகளில் அவர் நொடித்தால் குறித்த தொகையைப் பிணை நின்றவர்கள் கட்ட வேண்டும். அச்சந்தையில் எழுத்தராகச் சில ஆண்டு பணியாற்றியவருக்குப் பிணைச் சுமை குறைவு. இலண்டனிலும் பெட்டியடிப் பையனுக்கு மதிப்பு இருந்தது போலும்!

நகரத்தாரிடம் எழுதி வைத்த பிணை இல்லை. அதனினும் வலிய பிணை இருந்தது. இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையிலான ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவனே நகரத்தான். கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் திருமணம். திருமணமான பின்னரே தனிப் புள்ளியாகக் கணக்கில் ஏறுவான். சிங்கப்பூரில் ஒருவன் செய்த மோசடி, கடிதமாகக் கப்பலேறித் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் போய்ச் சேரும். அவனுடைய தம்பிக்கு வேலை தருவோரும், தங்கையைக் கொள்வோரும் தயங்குவர். தப்பி ஓட இடமில்லாதவனிடத்தில் நம்பிக்கை வைப்பது எளிது.

இம்முறைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் பிள்ளைகள் கடலைக் கடந்தனர். மணமானவர்கள் மூன்றாண்டுகள் மனைவி மக்கள் முகத்தைக் காணாது வாழ்ந்தனர். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் ஆச்சிமார்கள் தனித்திருந்து குடும்பத்தை நடத்தினர். இவையெல்லாம் உள்ளே பிறந்தவர்களின் துன்பம். வெளியே பிறந்தவனுக்கோ காத்திருக்கும் உரிமையும் இல்லை. கிட்டங்கியில் சமைத்தவன் பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, மலாயும் வட்டிக் கணக்கும் நன்கு கற்றிருந்தாலும், ஒரு நாளும் அவன் பெயர் நடப்பு வட்டிக்குக் கடன் பெறும் பெயராகாது. பழக்கத்தை அளப்பதாகச் சொன்ன கோல் பிறப்பையும் சேர்த்தே அளந்தது. இதனைப் பயிற்சி முறை என்று மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது முழு உண்மையாகாது.

இன்னொரு குறையும் உண்டு. அது நகரத்தாரையே தாக்கியது. பழகியவர்களை மட்டும் சேர்க்கும் வட்டம் ஏமாற்றுக்காரனைத் தடுக்கும். எல்லாரும் சேர்ந்து செய்யும் பிழையைத் தடுக்காது. பர்மாவில் ஒரே முறையில் பயின்ற அனைவரும் ஒரே பொருளாகிய நெல் விளையும் நிலத்தின்மீதே கடன் கொடுத்தனர். 1930ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தது. கடனாளிகளால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசமிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் அது 25 பங்கு. பணம் மண்ணாக மாறியது. மண்ணோடு பர்மியரின் பகையும் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பெரும்பாலோர் வெளியேறினர். பின்னர் வந்த நிலச் சட்டங்களில் அந்நிலங்களும் போயின. பெட்டியடியில் எத்தனை ஆண்டு பயின்றிருந்தாலும் இதனை முன்னறிந்திருக்க முடியுமா என்பது ஐயமே.

சிங்கப்பூரில் வீழ்ச்சி அவ்வளவு கொடியதாக இல்லை. 1930களின் நடுவில் வட்டித் தொழிலை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. உரிமம் பெறுவதும், கணக்கை அரசு காணும்படி வைப்பதும் கட்டாயமாயின. போருக்குப் பின் குடியுரிமை, குடிநுழைவு விதிகளால் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றி அனுப்பும் வழக்கம் தளர்ந்தது. வங்கிகள் பெருகின. பிள்ளைகள் மருத்துவமும் சட்டமும் பொறியியலும் படிக்கச் சென்றனர். நகர மறுசீரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய அலுவலகங்கள் எழுந்தன. டாங்க் ரோடு கோயில் 2014ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பூசத்திற்கு முதல் நாள் வெள்ளி ரதம் அங்கிருந்து கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் புறப்படுகிறது.

வட்டித் தொழிலுக்குள் யார் வரலாம் என்பதை இன்று அரசின் பதிவகம் தீர்மானிக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் கோருபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். கடையை நடத்தப் போகிறவர் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். 2012ஆம் ஆண்டிலோ புதிய உரிமங்கள் வழங்குவதையே பதிவகம் நிறுத்தி வைத்தது.