வடமும் வர்ணமும்

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் ஆலயத்தில் எல்லாம் ஐந்தைந்தாக அமைந்திருப்பது பிரசித்தம். கோபுரங்கள் ஐந்து, கொடிமரங்கள் ஐந்து என்னும் அவ்வரிசையில் தேர்களும் ஐந்தே. மாசிமகப் பெருவிழாவில் அவை வீதிவலம் வருங்கால், அடிப்பீடத்தைச் சூழ்ந்த மரச்சிற்பங்களைக் கண்டு வியப்பவர் பலர். அத்தனை கைகள் பற்றியிழுக்கும் கனத்த வடம் அச்சிற்பங்களை உராயாதிருப்பது எங்ஙனம் என்று ஆராய்பவர் சிலரே. வடத்தின் தலைப்பு, சிற்பத் தட்டுகளுக்குக் கீழே, பாரம் தாங்கும் வன்மரச் சட்டத்தில் பூட்டிய இரும்பு வளையங்களோடு பிணைக்கப்படுவதால், இழுவிசை முழுவதும் எலும்பின்மேல் விழுமேயன்றித் தோலின்மேல் விழுவதில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்து, பின்னிருந்து உந்த புல்டோசர்கள் வந்த பிறகும், அவை உந்துவது சக்கரங்களைத்தான், சிற்பங்களை அன்று.

மோட்டார் கார் பிறந்த மேலைத் தேசங்களிலோ இவ்விவேகம் தாமதமாகவே வந்தது. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பார், அன்பர் ஒருவரின் கார் ஓடையில் கவிழ்ந்து, பலர் கூடிக் கயிறும் கட்டைகளும் கொண்டு வெகுநேரம் போராடி மீட்ட அனுபவத்தினின்று, 1916இல் ஒரு காடிலாக் வண்டியின்மேல் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பூட்டி மீட்புவண்டி ஒன்றைச் சமைத்தார். தூக்குவதே அதன் நோக்கம். 1920களில் டூகோ என்னும் விரைவில் உலரும் வர்ணம் வந்து, பலநிறக் கார்கள் மலிந்த பின்னரும், ஆடும் சங்கிலி அந்தப் பளபளப்பில் கீறலிடுவது நிற்கவில்லை. ரப்பர் பட்டைகளும், பின்பு சக்கரங்களை மட்டும் ஏந்தும் கரங்களும், வண்டி முழுவதையும் மேலேற்றிக்கொள்ளும் லாரிகளும் வந்தமை, தேர்த்தச்சர் முன்பே கண்ட இடத்தைப் படிப்படியாக அடைந்த சரித்திரமே.

விருத்தாசலத்தினின்று ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில், கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில், அம்பாசடர் ஆண்ட காலத்தில் பழுதுற்று நின்ற காரை வேறொரு வண்டியால் கட்டியிழுப்பது எளிய காரியம். தடித்த இரும்புப் பம்பர் எதையும் தாங்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, காலப்போக்கில் பிளாஸ்டிக் பம்பர் பரவவே, பழகிய கை பழைய இடத்தையே தேடியதில் பம்பரும் வர்ணமும் ஒருங்கே பெயர்ந்தன. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள், இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேற்படலாகாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று விதித்தன. வர்ணத்தைப் பற்றி அவை பேசவில்லையெனினும், வேகம் மிகுந்து, தளர்ந்த கயிறு வெடுக்கென்று இறுகி மேலெழுந்து பானட்டில் அறைவதைக் கண்டவர்கள், அவ்விதிகள் காரின் மேனிக்கும் காவலென்பதை அறிவர்.

கைப்பழக்கத்தில் உள்ள நுட்பம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சங்கிலிக்கும் தகட்டுக்கும் இடையே பழைய டியூபையோ கோணியையோ மடித்து வைப்பது வழக்கம். ஆனால் புழுதி படிந்த தகட்டின்மேல் கோணியை வைத்துக் கட்டினால், இடையில் சிக்கிய மணல் வழிநெடுக வர்ணத்தை அராவிக்கொண்டே வரும். ஆதலால், ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்த பின்னரே மடிப்பு வைக்க வேண்டும். கொக்கியின் முனை தகட்டைப் பாராமல் திரும்பியிருக்க வேண்டும். அதனினும் மேலான வழி இக்காலத்துக் கார்கள் பலவற்றில் உண்டு. பம்பரிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும் இழுவை வளையத்தைத் திருகினால், அது உள்ளிருக்கும் சட்டத்தோடு நேரே இணைந்துகொள்ளும். காரை வாங்கிய நாள்முதல் விற்கும் நாள்வரை அவ்வளையம் இருப்பதையே அறியாமல் ஓட்டுவோர் அநேகர் என்பது எனக்குப் பெரும் மனக்குறை.