காலாள் மந்திரியான கதை

கணினி விளையாட்டுகளில் உத்திசார் பாத்திர விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. கட்டம் போட்ட போர்க்களம், நம் பக்கம் பத்துப் பதினைந்து வீரர், முறை வைத்து நகர்த்தும் ஆட்டம். இந்த அளவில் அது சதுரங்கமேதான். ஆனால் இங்கே ஒவ்வொரு காய்க்கும் ஒரு பெயரும் முகமும் ஊரும் உறவும் உண்டு. போரிடப் போரிட அது வளரவும் செய்யும். ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்களின் கைபேசிகளில் இவ்வகை ஆட்டங்களை நாம் காணலாம். இவற்றை ஆடுவோரிடம் ஒரு தனி மோகம் இருக்கிறது. படையிலேயே நோஞ்சானான ஒருவனைத் தேர்ந்து, பொத்திப் பொத்தி வளர்த்து, கடைசியில் அவனைக் கொண்டே போரை வெல்வது. இந்த மோகத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பக்கத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றில் வந்து நிற்கிறோம்.

முதலில் விளையாட்டைப் பார்த்துவிடுவோம். 1990இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ இவ்வகைக்கு வடிவம் தந்த முன்னோடி. ஷோசோ காகா என்பவரின் ஆக்கம். அதில் இறந்துபோன வீரன் இறந்தவன்தான். ஆட்டம் முடியும்வரை திரும்பி வரமாட்டான். சிறகுள்ள குதிரைகளில் பறக்கும் மூன்று சகோதரிகள் அதில் வருகிறார்கள். இளையவளான எஸ்ட், போர் முடியும் தறுவாயில், மற்ற எல்லோரையும்விடக் குறைந்த பலத்தோடு வந்து சேர்கிறாள். ஆனால் வளரத் தொடங்கினால் அவள் வேகம் மற்றவர்க்கு இல்லை. இத்தகைய பாத்திரங்களை இன்றும் அவள் பெயராலேயே ஆட்டக்காரர்கள் குறிப்பிடுகிறார்கள். 2012இல் வந்த ‘அவேக்கனிங்’ என்னும் பகுதியில் டானல் என்றொரு கிராமத்துப் பையன். தலைக்கவசத்துக்குப் பதிலாகச் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வருவான். அன்றைய சண்டை முடிவதற்குள் ஒரு படியாவது முன்னேறினால்தான் அவன் நம் படையில் சேர்வான்.

அவனை முன்னேற்றும் முறை இது: தேர்ந்த வீரர்கள் எதிரியை அடித்துக் குற்றுயிராக்கி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கடைசி அடி பையனுடையதாக இருக்க வேண்டும். வீழ்த்தியவனுக்கே அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு போகும். நூறு புள்ளி சேர்ந்தால் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் வலிமை கூடுமா, வேகம் கூடுமா என்று விளையாட்டு சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. அந்தச் சீட்டின் விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆடுபவரின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆக, வருங்காலம் உள்ளவன் யார் என்பதை ஆக்கியோன் முன்னமே எழுதிவைத்துவிட்டான். நாம் அதை ஊகிக்கிறோம், அவ்வளவே.

இந்த வளர்ப்பில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஒருவனின் வளர்ச்சிக்கு விலை கொடுப்பவர்கள் வேறு சிலர். ஒதுங்கி நின்ற மூத்த வீரனுக்கு அன்று புள்ளி கிடையாது. மற்றது, வளர்ந்து முடிந்த பின்னும் அவன் நம் சொற்படி நகர்வான். முதலாவது வாழ்க்கையிலும் மெய். இரண்டாவது அப்படியன்று.

*

எளிய காய் பெரிய காயாகும் எண்ணம் சதுரங்கத்திலிருந்து வந்தது. ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் சதுரங்கம் பற்றிய குறிப்பு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தன் ‘மானசோல்லாச’த்தில், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக அதை விவரிக்கிறான். ஆட்டம் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போனபோது, கடைசி வரிசையை எட்டிய காலாள் மந்திரியாகும் விதியும் உடன் சென்றது. அக்காலத்து மந்திரி குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகரக்கூடிய எளிய காய். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அதைப் பலகையிலேயே வலிய ராணியாக்கினர். அதன்பிறகுதான் காலாளின் பயணம் ஆட்டத்தின் முடிவையே மாற்றும் நிகழ்வாயிற்று.

இந்தியாவில் நெடுங்காலம் ஆடப்பட்ட முறையில் வேறொரு விதி இருந்தது. முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டும் சலுகை காலாளுக்கு இல்லை. கடைசி வரிசையில் அது எந்தக் கட்டத்தைச் சேர்கிறதோ, அந்தக் கட்டத்துக்குரிய காயாகவே மாறும். குதிரையின் கட்டத்தில் சேர்ந்தால் குதிரை, யானையின் கட்டத்தில் சேர்ந்தால் யானை. நடுவிலுள்ள ராஜா, மந்திரி இருவரின் கட்டங்களில் எதைச் சேர்ந்தாலும் மந்திரி. ஐரோப்பியக் காலாளுக்கு இருக்கும் தெரிவு நம் காலாளுக்கு இல்லை. அது நடந்து வந்த தடமே அதன் தகுதியைத் தீர்மானித்துவிடும். எந்த முறையிலும் காலாள் ராஜாவாக மட்டும் ஆக முடியாது. இந்தக் கடைசி விதியை மனத்தில் இருத்திக்கொண்டு, எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் ஊருக்குப் போவோம்.

*

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கெல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்தில் பூதிக்கோட்டை இருக்கிறது. 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைதர் அலி பிறந்த ஊர். தந்தை ஃபத்தே முகம்மது சீராவின் ஆட்சியாளரிடம் பணியாற்றிய படைத்தலைவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே போரில் இறந்தார். தந்தையின் கடனை வசூலிப்பதற்காகச் சிறுவர் இருவரையும் நகராவுக்குள் அடைத்து அடித்து வதைத்தனர் என்றொரு செய்தியும் வழங்குகிறது. அண்ணன் ஷாபாஸ் மைசூர்ப் படையில் சேர்ந்து ஓரளவு உயர்ந்தார். தம்பியோ எழுதப் படிக்கக் கற்றதே இல்லை. இளமையின் பெரும்பகுதி வேட்டையிலும் கேளிக்கையிலும் போயிற்று.

1749இல் மைசூர்ப் படை தேவனஹள்ளிக் கோட்டையை முற்றுகையிட்டது. அண்ணனோடு தொண்டனாக வந்திருந்த ஹைதரின் துணிவு, படையை நடத்திய நஞ்சராஜரின் கண்ணில் பட்டது. அன்றைய மைசூரில் அரியணையில் இருந்தவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். அதிகாரம் நஞ்சராஜரிடமும் அவர் தமையனிடமும் இருந்தது. நஞ்சராஜர் ஹைதருக்கு ஒரு சிறு குதிரைப்படையையும் காலாட்படையையும் ஒப்படைத்தார். எழுத்தறியாத ஓர் இளைஞனிடம் அவர் என்ன கண்டார்? விளையாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அந்த விகிதத்தைத்தான் கண்டிருக்க வேண்டும்.

வளர்ச்சி மளமளவென்று நடந்தது. 1750இறுதியில் ஐதராபாத் நாசிர் ஜங் கொல்லப்பட்ட குழப்பத்தில் அவருடைய கருவூலத்தின் ஒரு பகுதி ஹைதரின் ஆட்கள் கைக்கு வந்தது. அதைக் கொண்டு அவர் படையைப் பெருக்கினார். அடுத்து நஞ்சராஜர் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக ஆண்டுக்கணக்கில் போரிட்டார். மைசூரின் கருவூலம் அங்கே கரைந்தது, கோட்டை கிடைக்கவில்லை. ஆனால் ஐரோப்பியப் படைகள் அணிவகுக்கும் முறையை ஹைதர் அங்கே அருகிருந்து கற்றார். அடியின் செலவு ஆண்டவருக்கு, அனுபவம் பையனுக்கு. 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக ஹைதர் நியமிக்கப்பட்டார். பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு பீரங்கிப் பட்டறை அமைத்தார்.

1758இல் சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் தலைநகரில் கலகம் செய்தபோது அதைத் தீர்த்துவைக்க ஹைதரே தேவைப்பட்டார். 1759இல் நஞ்சராஜர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அரண்மனையின் இசைவோடு அதை நடத்திக்கொடுத்தவர், அவர் வளர்த்த ஹைதர். காலாள் மந்திரியின் கட்டத்தை எட்டிவிட்டது. அங்கே முன்பு நின்ற மந்திரி பலகையை விட்டு இறங்கினார்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றிகெட்டவன் கதையாகச் சுருங்கியிருக்கும். ஹைதரும் ஒருவரை வளர்த்திருந்தார். எழுத்தறியாத தமக்குக் கணக்குப் பார்க்க அவர் அமர்த்திய காண்டே ராவ், எசமானரோடு சேர்ந்தே உயர்ந்து அரசின் நிதியையே நிர்வகிக்கும் நிலைக்கு வந்தார். 1760இல் அதே காண்டே ராவ் அரண்மனையோடு சேர்ந்து, மராத்தியர் துணையுடன் ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். ஹைதரின் படையில் பெரும்பகுதி அப்போது மக்தூம் அலியின் தலைமையில் வெளியே இருந்தது. அவ்வாண்டுதான் அப்படை பாராமகாலைக் கைப்பற்றிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் போயிருந்தது. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிக்கு அன்றிருந்த பெயர்.

ஒரு ஆகஸ்டு இரவில், குடும்பத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே விட்டுவிட்டு, சிலரோடு மட்டும் காவிரியைக் கடந்து ஹைதர் தப்பினார். ஓசூருக்கு அடுத்துள்ள ஆனேக்கல்லில் ஒதுங்கி அங்கிருந்து பெங்களூர் சேர்ந்தார். திரும்பி வந்த மக்தூம் அலியின் படை அஞ்செட்டியில் சுற்றிவளைக்கப்பட்டது. இன்று தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டுவழியில் அஞ்செட்டிக்குப் பேருந்தில் போகிறவர்கள், மைசூரின் தலைவிதி சில வாரங்கள் அங்கே அடைபட்டுக் கிடந்ததை அறிய மாட்டார்கள். மராத்தியத் தளபதிக்குப் பணமும் பாராமகாலும் தருவதாக ஒப்புக்கொண்டு ஹைதர் அந்தச் சுற்றை உடைத்தார். பாராமகால் சொன்னபடி கைமாறவில்லை.

இதனினும் வியப்பானது அடுத்து நடந்தது. காண்டே ராவிடம் தோற்று நின்ற ஹைதர், தாம் பதவி இழக்கச் செய்த நஞ்சராஜரிடமே போய்ப் பணிந்து உதவி கேட்டார். முதியவர் இரங்கினார்; தம் பெயரின் செல்வாக்கைத் தந்தார். 1761இல் ஹைதர் வென்றார். காண்டே ராவுக்கு இரக்கம் காட்டும்படி அரண்மனைப் பெண்கள் கேட்டபோது, அவரைக் கிளிபோல் வைத்துக் காப்பாற்றுவேன் என்றாராம். சொன்னபடியே இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. நஞ்சராஜரும் பின்னாளில் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். தம்மை வளர்த்தவரையும் தாம் வளர்த்தவரையும் ஒருசேரச் சிறைவைத்தவர், உடையாரை மட்டும் அரியணையிலிருந்து அகற்றவில்லை. காலாள் ராஜாவாக ஆக முடியாது என்ற விதியை, பெயரளவிலாவது, ஹைதர் கடைசிவரை மீறவில்லை.

இதன் பின்குறிப்பு போல ஒன்று நிகழ்ந்தது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர், ஐந்து வயதுச் சிறுவனான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்தினர். ஓசூர் கும்பெனியின் கைக்கு வந்ததும் அப்போதுதான். 1831இல் ஆட்சிப் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1868இல் இறக்கும்வரை பட்டம் மட்டும் இருந்த அவர், சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுவரும் புதிர்களையும், புதுப்புதுப் பலகை ஆட்டங்களையும் வகுத்தார். நகர்த்த நாடு இல்லாத ராஜா காய்களை நகர்த்தினார்.

*

விளையாட்டு மறைத்த பகுதி எதுவென்று இப்போது சொல்லலாம். நோஞ்சானை வளர்க்கும் ஆட்டத்தில் இன்பம் வளர்ப்பவருக்கு. வளர்ந்தவனுக்கு விருப்பம் என்று எதுவும் இல்லை. வரலாற்றின் காலாள் கடைசி வரிசையை எட்டியதும் தன் கணக்கைத் தானே பார்க்கத் தொடங்குகிறான். நஞ்சராஜர் ஒரு தளபதியை வளர்ப்பதாக எண்ணினார். ஹைதர் ஒரு கணக்கரை வளர்ப்பதாக எண்ணினார். இருவரும் வளர்த்தது இன்னொரு ஆட்டக்காரனை.

வளர்ப்பவர்கள் இதை அறியாதவர்களல்லர். அறிந்தவர்கள் இரண்டில் ஒரு வழியைத் தேர்கிறார்கள். ஒன்று, அந்த இடரைத் தாங்கிக்கொண்டு வளர்ப்பது. 1970களில் சிப்காட் வளாகம் வந்தபின் ஓசூரில் அப்படியும் நடந்திருக்கிறது. 1984இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனம், கடிகாரத் தொழிலின் வாசனையே அறியாத, மேல்நிலைப் பள்ளி முடித்த தமிழக இளைஞர்களை எடுத்து அந்த நுண்தொழிலைக் கற்பித்தது. தொழில் கையில் ஏறிய பிறகு அந்தக் கை அவர்களுடையதே. அதை யாரும் திரும்ப வாங்க முடியாது.

மற்றொரு வழி, காலாளைக் கடைசி வரிசைக்கு முந்திய கட்டத்திலேயே நிறுத்திவைப்பது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநரைப் பயிற்சி பெறுபவர் என்கிறது. தொழிலாளர் அல்லர் என்கிறது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று நிறுவனத்தை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், யாரை எடுப்பது என்ற கொள்கையை அந்தந்த நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்றது. கற்பதற்கு ஒரு காலம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஓராலையில் பயிற்சி முடிந்து, அடுத்த ஆலையில் மீண்டும் பயிற்சியாளராகவே சேரும் இளைஞன், ஒவ்வொரு முறையும் முதல் படியிலிருந்தே தொடங்குகிறான். அவன் சேர்த்த புள்ளிகள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஷிப்ட் பேருந்துக்காகக் காத்திருக்கும் அவன், கைபேசியில் தன் நோஞ்சான் வீரனுக்காக மூத்த வீரர்களைப் பொறுமையாக ஒதுக்கி நிறுத்துகிறான். பேருந்து வருவதற்குள் அந்தப் பையனை ஒரு படி ஏற்றிவிட வேண்டும். வளர்ப்பது எப்படி என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.