வெட்டு உத்தரவும் வெப்ஹூக்கும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு போட்டவர்களுக்கு 'வெட்டு உத்தரவு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஆலையில் பதிவு செய்த கரும்பை விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்டி அனுப்பிவிட முடியாது. நடவு செய்த தேதி, ரகம், ஆலையின் அரவைத் திறன் எல்லாவற்றையும் பார்த்து ஆலைதான் உத்தரவு கொடுக்கும். உத்தரவு தள்ளிப்போனால் வயலில் நிற்கிற கரும்பு பூத்து, எடை குறைந்துபோகும். உத்தரவு வந்தது தெரியாமல் இருந்துவிட்டாலும் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

சேதி தெரிந்துகொள்ள இரண்டே வழி. ஒன்று, விவசாயி தினமும் கரும்பு அலுவலகத்துக்குப் போய் "நம்ம பேரு வந்திருக்கா?" என்று கேட்பது. இரண்டு, உத்தரவு ஆனதும் ஆலையே ஆள் விட்டோ, போன் செய்தோ, குறுஞ்செய்தி அனுப்பியோ சொல்வது. முதல் வழியில் அலைச்சல் விவசாயிக்கு. இரண்டாவது வழியில் அலைச்சல் மிச்சம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சொல்ல வருபவரிடம் சேதியை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

கணினி உலகத்திலும் இதே இரண்டு வழிகள்தான். இரண்டாவது வழிக்கு இன்றைக்கு வெப்ஹூக் என்று பெயர்.

ஆரம்ப கால இணையம் பெரும்பாலும் கேட்டுக் கேட்டே வாழ்ந்தது. மின்னஞ்சல் மென்பொருள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வழங்கியிடம் போய் "புதுக் கடிதம் உண்டா?" என்று கேட்கும். ஆர்.எஸ்.எஸ். ஓடை படிக்கிற மென்பொருளும் அப்படித்தான், வலைப்பதிவில் புது இடுகை வந்திருக்கிறதா என்று மணிக்கு மணி எட்டிப் பார்க்கும். நூறு முறை கேட்டால் தொண்ணூற்றொன்பது முறை 'இல்லை' என்றே பதில் வரும். கேட்கிற இயந்திரத்துக்கும் வீண் வேலை, பதில் சொல்கிற இயந்திரத்துக்கும் வீண் வேலை.

பணம் நுழைந்தபோது இது சரிப்படவில்லை. கடைக்காரரின் தளத்தில் பொருளை எடுத்துக்கொண்டு, பேபால் தளத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு, திரும்பி வராமலேயே உலாவியை மூடிவிடும் வாடிக்கையாளர் உண்டு. பணம் வந்தது கடைக்கு எப்படித் தெரியும்? இதற்காக பேபால் ஓர் ஏற்பாடு செய்தது. பணம் வந்ததும் பேபால் வழங்கியே கடையின் முகவரி ஒன்றுக்கு விவரங்களை அனுப்பிவிடும். அனுப்பியது பேபால்தானா என்ற சந்தேகம் தீர, கடையின் நிரல் வந்த செய்தியை அப்படியே பேபாலுக்குத் திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டும். 'வெரிஃபைடு' அல்லது 'இன்வேலிட்' என்று பதில் வரும். வங்கி மேலாளர் பெயரில் கடிதம் வந்தால், கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாமல் கிளைக்கே நேரில் போய் விசாரிப்பது போன்ற முறை. கொஞ்சம் சுற்று வழி, ஆனால் கெட்டியானது.

இந்தப் பழக்கத்துக்கு 'வெப்ஹூக்' என்ற பெயர் வந்தது 2007-ல். ஜெஃப் லிண்ட்சே என்ற நிரலாளர் தன் வலைப்பதிவில் வைத்த பெயர் அது. 2008-ல் வந்த கிட்ஹப் இதைத் தன் சேவையில் சேர்த்துக்கொண்டதும் நிரலாளர்கள் மத்தியில் பெயர் பரவியது. புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு வலை முகவரி, அதற்கு ஹெச்.டி.டி.பி. போஸ்ட் வழியாகப் போகும் ஒரு செய்தி, அவ்வளவுதான். புதிதாக வந்தது பெயரும், எந்த மென்பொருளும் எந்த மென்பொருளோடும் இப்படிப் பேசலாம் என்ற எண்ணமும்தான்.

சரி, வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளுக்கு வருவோம். சி.ஆர்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மென்பொருளின் அடிப்படை நம் கடைகளில் இருக்கும் பற்றுவரவு நோட்டுதான். யார் வந்தார், என்ன கேட்டார், என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி, மறுபடி எப்போது பேச வேண்டும் என்பவற்றை எல்லாம் ஓரிடத்தில் வைப்பது. 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் அதை இணையத்தில் வாடகைக்கு விட்டது. 2004-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சுகர்சி.ஆர்.எம். நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டது. கரும்பில் தொடங்கிய கட்டுரை சுகரில் வந்து நிற்பது தற்செயல்!

அதே 2004-ல் கதை சென்னைக்கு வருகிறது. 1996-ல் தொடங்கி, பிற்பாடு 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அட்வென்ட்நெட் நிறுவனத்தின் ஆதரவோடு, சுகர்சி.ஆர்.எம். நிரலிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. அதன் பெயர் வி-டைகர். உரிமம் அனுமதித்த காரியம்தான் என்றாலும், வெளிவந்து சில மாதங்களே ஆன மென்பொருளை எடுத்து வேறு பெயரில் கொடுத்ததை சுகர் தரப்பு ரசிக்கவில்லை. திறந்த மூலம் என்றால் எதுவரை திறந்தது என்று இணையத்தில் நிறையப் பேசினார்கள். அட்வென்ட்நெட் 2005-ல் ஜோஹோ சி.ஆர்.எம். என்ற சொந்தச் சேவையையும் தொடங்கியது. வி-டைகர் பின்னர் தனி நிறுவனமாகி பெங்களூரைத் தளமாகக் கொண்டது.

அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை விட, அதனால் விளைந்தது முக்கியம். பி.ஹெச்.பி.யிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் எழுதப்பட்ட ஒரு முழு சி.ஆர்.எம்., காசில்லாமல், பிரித்துப் பார்க்கும்படி கிடைத்தது. சாதாரண வாடகை வழங்கியிலேயே அதை ஓட்டலாம். சின்ன சேலத்தில் விதைக்கடை வைத்திருப்பவரோ கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரோ தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள முடியும். வேண்டியதை ஒட்டுப்போட்டும் கொள்ளலாம். அந்த ஒட்டுதான் செருகுநிரல்.

வி-டைகருக்குச் செருகுநிரல் எழுத 'வி-டி-லிப்' என்ற நிரல் தொகுப்பு உண்டு. கோப்புகளையும், அவற்றில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்.எம்.எல். கோப்பையும் ஜிப் செய்து, மாட்யூல் மேனேஜரில் ஏற்றினால் போதும். மென்பொருளின் மூல நிரலைத் தொட வேண்டாம். தொட்டால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது எல்லாம் அழிந்துபோகும்.

வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் பகுதி ஒன்று வி-டைகரிலேயே இருக்கிறது. அதைப் படித்தால் வெப்ஹூக் வாங்கி எழுதுவதில் உள்ள எல்லாச் சிக்கலும் புரிந்துவிடும். அதுதான் தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்கும் பி.பி.எக்ஸ். மேனேஜர். ஆஸ்டரிஸ்க் என்ற திறந்த மூலத் தொலைபேசி மென்பொருளோடு பேசும் அதன் ஆறாம் பதிப்பு வடிவத்தில், நடுவே ஒரு சிறு இணைப்பு நிரல் இருக்கும். கடைக்கு அழைப்பு வந்தால் அது வி-டைகரில் உள்ள ஒரு குறிப்பிட்ட பி.ஹெச்.பி. கோப்பின் முகவரிக்குச் செய்தி அனுப்பும். அழைப்பு தொடங்கினால் ஒரு செய்தி, எடுத்ததும் ஒரு செய்தி, முடிந்ததும் ஒரு செய்தி, பேச்சுப் பதிவு தயாரானதும் ஒரு செய்தி. அழைப்பவரின் எண் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் கடைக்காரரின் திரையில் பெயர் வந்து நிற்கும். போனை எடுக்கும்போதே "அண்ணே, போன மாசம் வாங்குன மருந்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்கலாம். வந்தவருக்கும் சந்தோஷம்.

இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சி.ஆர்.எம்.மில் எழுத வேண்டுமென்றால் யாராவது உள்ளே நுழைந்திருக்க வேண்டும். வெப்ஹூக்கோ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு நுழைவதில்லை. அப்படியானால் பதிவு யார் பெயரில் எழுதப்படும்? பலரும் சுலபமாக நிர்வாகியின் பெயரில் எழுதவைத்து விடுகிறார்கள். அதாவது தெருவைப் பார்த்த கதவு ஒன்றைத் திறந்து, அதற்கு முதலாளியின் அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த முகவரி தெரிந்த யாரும் வந்து எழுதிவிட்டுப் போகலாம்.

அதனால் தட்டுபவர் யாரென்று பார்க்க வேண்டும். பி.பி.எக்ஸ். மேனேஜரில் இதற்கு 'வி-டைகர் சிக்னேச்சர்' என்ற புலம் உண்டு. பெயர்தான் கையொப்பம், உள்ளே இருப்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ரகசியச் சொல். அது ஒவ்வொரு செய்தியோடும் அப்படியே பயணிக்கும். அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் தொலைபேசிக்கு இது போதும் என்று நினைத்திருக்கலாம். பொது இணையத்துக்கு இது போதாது. வழியில் ஒருமுறை பார்த்தவர் நாளைக்குத் தானே அனுப்பலாம்.

கிட்ஹப், ரேசர்பே போன்றவை வேறு முறையைக் கையாளுகின்றன. ரகசியச் சொல்லையும் செய்தி முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு எண் வரிசை எடுப்பார்கள். அந்த எண் வரிசை மட்டுமே செய்தியோடு போகும், ரகசியம் போகாது. வாங்குபவர் தன்னிடமுள்ள ரகசியத்தை வைத்து அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். செய்தியில் ஐநூறை ஐயாயிரமாக யாராவது திருத்தினால் கணக்கு ஒத்துவராது. ஹெச்மேக் எனப்படும் இந்த முறை 1997-லேயே இணையத் தரங்களில் பதிவாகிவிட்டது. இதில் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வந்த செய்தியை முதலில் ஜேசனிலிருந்து பிரித்து, பிறகு மறுபடி கோத்து, அதன் மேல் கணக்குப் போடுவார்கள். ஒரு இடைவெளி மாறினாலும் விடை மாறிவிடும். வந்தது வந்தபடியே இருக்கும்போது கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஒப்பிடுவதற்கும் சாதாரண சமக்குறி வேண்டாம். எத்தனை எழுத்து வரை சரி என்பதை எடுத்துக்கொண்ட நேரமே காட்டிக்கொடுத்துவிடக் கூடும். பி.ஹெச்.பி.யில் இதற்கென்றே 2014-ல் வந்த 5.6 பதிப்பில் 'ஹேஷ் ஈக்குவல்ஸ்' என்ற செயற்கூறைச் சேர்த்தார்கள்.

யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்தது, அதே செய்தி இரண்டு முறை வந்தால்?

வரும். கட்டாயம் வரும். இதற்குக் கல்வராயன் மலை வரை போய் வருவது நல்லது. வெள்ளிமலையைத் தாண்டிய குக்கிராமங்களில் செல்போன் சிக்னல் ஓரிடத்தில் இருக்கும், பத்தடி தள்ளினால் இருக்காது. அங்கிருந்து ஒருவர் விதைக்கு ஆன்லைனில் பணம் கட்டுகிறார். கட்டிய கணத்தில் சிக்னல் போய்விட்டது. பணம் போனதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. மறுபடி கேட்கச் சாலை வரை இறங்கி வர வேண்டும். கடைக்கு இதைச் சொல்லக்கூடியது பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் வெப்ஹூக் மட்டுமே. கடையின் வழங்கி அந்த நேரம் பார்த்துப் படுத்திருந்தால், ரேசர்பே போன்ற நிறுவனம் 24 மணி நேரம் வரை விட்டு விட்டு மறுபடி அனுப்பும். வழங்கி செய்தியை வாங்கி எழுதிவிட்டு, 'கிடைத்தது' என்ற 200 எண் பதிலைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தாலும் அதே கதைதான். அனுப்பியவருக்குப் பதில் வரவில்லை, எனவே மறுபடி அனுப்புவார். செருகுநிரல் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் ஒரே பணம் இரண்டு வரவாகிவிடும்.

வணிகவியல் படிப்பவருக்கு இதன் தீர்வு புதிதல்ல. பற்றுச்சீட்டு எண்! கணக்கெழுதுபவர் ஒரே எண் கொண்ட சீட்டை இரண்டாவது முறை பதிய மாட்டார். ரேசர்பே ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அடையாள எண் கொடுக்கிறது. செருகுநிரல் தனி அட்டவணை ஒன்று வைத்து, அந்த எண்ணை இரண்டு முறை எழுத முடியாத தனித்துவப் புலமாக அமைத்துவிட்டால் தரவுத்தளமே இரண்டாவது செய்தியைத் தடுத்துவிடும். வந்ததை முதலில் அந்த அட்டவணையில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளரைத் தேடுவது, பாக்கியைக் கழிப்பது, நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாம் பிறகு, கிரான் வேலையாக ஓடட்டும். குறிப்பேட்டில் உடனே பதிந்துவிட்டுப் பேரேட்டில் சாவகாசமாக எடுத்து எழுதுகிற பழைய முறைதான். கிட்ஹப் பத்து விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று எழுதிக்கொள்ளும். தானாக மறுபடி அனுப்பவும் அனுப்பாது.

வரிசை மாறி வருவதும் உண்டு. 'பணம் திருப்பித் தரப்பட்டது' என்ற செய்தி 'பணம் வந்தது' என்ற செய்திக்கு முன்னால் வந்து நிற்கலாம். செய்திக்குள் இருக்கும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும், வந்து சேர்ந்த நேரத்தை அல்ல.

ஃபேஸ்புக் விளம்பரப் படிவங்களின் முறை இன்னும் வேடிக்கையானது. யாராவது படிவத்தை நிரப்பினால் வெப்ஹூக்கில் பெயரும் எண்ணும் வராது, ஓர் அடையாள எண் மட்டும் வரும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஃபேஸ்புக்கிடம் போய் விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நம் ஊர் மிஸ்டுகால் மாதிரி. 'நான் கூப்பிட்டேன், விஷயம் வேண்டுமானால் நீ கூப்பிடு.' மிஸ்டுகாலையே தொழிலாக்கி பெங்களூரில் 2010-ல் ஜிப்டயல் என்ற நிறுவனம் தொடங்கியது. 2015-ல் டுவிட்டர் அதை வாங்கியது.

சுகர்சி.ஆர்.எம். 2014-ல் தன் இலவசப் பதிப்பைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. அதற்குச் சற்று முன்பே, 2013-ல், ஸ்காட்லாந்தில் அதிலிருந்து சூட்சி.ஆர்.எம். என்று இன்னொரு கிளை பிரிந்திருந்தது. வி-டைகரின் முக்கியக் கவனமும் இணையத்தில் வாடகைக்கு விடும் சேவைக்கு மாறிவிட்டது. ஆனாலும் திறந்த மூலப் பதிப்பின் நிரல் கிடைக்கிறது, எழுதிப் பழக அதைவிட நல்ல இடம் குறைவு.

இவ்வளவு செய்த பிறகும் அனுபவமுள்ள நிரலாளர்கள் செருகுநிரலில் இன்னொரு வேலையையும் சேர்த்துவிடுகிறார்கள். ராத்திரி கடை சாத்திய பிறகு, அன்றைக்கு நடந்த பணப் பட்டுவாடா முழுவதையும் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்திடம் போய்க் கேட்டு வாங்கி, சி.ஆர்.எம்.மில் இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடும் நிரல் அது. கல்லூரியில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படிப்பது இதைத்தான். சொல்லாமல் விட்டுப்போன ஒன்றிரண்டு அதில் அகப்படும். மலையிலிருந்து பணம் கட்டியவருக்கு மறுநாள் காலையில் 'பாக்கி இருக்கிறது' என்று கடையிலிருந்து போன் போகாமல் இருப்பது, ராத்திரி ஒருமுறை இப்படிப் போய்க் கேட்டுவிட்டு வருவதால்தான்.