பழைய கோவைப் படம்: எந்த ஆண்டு என்று கேட்போம்

தோழர்களே, 'அந்தக் காலக் கோவை, எவ்வளவு அமைதி!' என்ற வரியோடு டவுன்ஹால் பகுதியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் நம் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எந்த ஆண்டு என்று யாரும் எழுதுவதில்லை. 'அந்தக் காலம்' என்பது நமக்குப் போதாது. பொது இடம் யாருக்குப் பொது என்பது இந்த மண்ணில் போராடி மாற்றப்பட்ட விஷயம். ஆண்டு தெரியாமல் அந்த மாற்றம் தெரியாது.

ஒரு படத்துக்கு இரண்டு எல்லைகளைத் தேட வேண்டும்: எதற்குப் பின், எதற்கு முன். டவுன்ஹால் கட்டடம் 1892-ல் எழுந்தது. அது படத்தில் இருந்தால் கீழ் எல்லை கிடைத்துவிட்டது. பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது 1930-களின் தொடக்கத்தில். மின்கம்பமே இல்லையென்றால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆனால் கவனம்: கம்பம் எல்லாம் மின்கம்பம் அல்ல, தந்திக் கம்பம் முன்பே உண்டு. சினிமா போஸ்டர் தெரிந்தால், படம் அந்த சினிமா வெளியான பிறகு எடுத்தது. அஞ்சலட்டை என்றால் பின்பக்க முத்திரை மேல் எல்லையைச் சொல்லும்.

1892-க்கும் 1930-களுக்கும் நடுவில்தான் 1924 இருக்கிறது. பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை அந்த ஆண்டு சென்னை சட்டமன்றம் ஏற்றது, அரசாணையும் வந்தது. அதற்காக அங்கே வாதாடியவர்கள் இரட்டைமலை சீனிவாசனும் நம் கோவையின் ஆர்.வீரையனும். படம் அதற்கு முந்தையதா, பிந்தையதா? முந்தையது என்றால், அந்த 'அமைதி' யாருடையது என்று கேட்கலாம். பிந்தையது என்றால், ஆணை தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கலாம்.

ஊரின் மையம் பிறகு காந்திபுரத்துக்கு நகர்ந்தது. அந்தப் படங்களுக்குத் தடயம் அதிகம். கடைப் பலகையில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972-க்குப் பின். வண்டியில் 'டிஎன் 38' இருந்தால் 1989-க்குப் பின். மேம்பாலம் தெரிந்தால் மிக அண்மையது. 'லை', 'னை' பழைய துதிக்கைக் கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகையாக இருக்கலாம். ஆனால் பழைய பலகையைப் பல கடைகள் மாற்றவே இல்லை. எனவே ஒரே தடயத்தை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கடைசியாகப் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். துடைப்பத்தோடு ஒருவர் குனிந்திருப்பார். கொங்கு நகரங்களின் தெருக்களைத் தலைமுறைகளாகக் கூட்டியவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். படம் 1955-க்குப் பிந்தையது என்று உறுதியானால், தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் அந்தத் துடைப்பம் ஒரே சாதியின் கையில் இருந்ததற்கு அது சாட்சி. ஆண்டில்லாத படம் வெறும் ஏக்கம். ஆண்டுள்ள படம் ஆவணம்.

நம் காலனி வீடுகளிலும் படங்கள் இருக்கின்றன. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஆண்டையும் இடத்தையும் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.