வான்கோழி எலும்பும் இதயக் குழாயும்

இதயத்தில் அடைப்பு என்றதும், "லேசர் வைத்து எரித்துவிட முடியாதா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். எரித்துத்தான் முதலில் பார்த்தார்கள்; அதுதான் வம்பாகப் போயிற்று.

1977-இல் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் சிகிச்சையைத் தொடங்கினார். பலூன் அடைப்பை ஓரமாக அழுத்துமே தவிர அகற்றாது. சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்ட இடத்தில் சில சமயம் நுழையவே நுழையாது. அதனால் 1980-களில் ஆர்கான் போன்ற லேசர்களை முயன்றார்கள். அடைப்போடு ரத்தக் குழாயின் சுவரும் வெந்து, சில சமயம் ஓட்டையே விழுந்தது.

இதற்கு விடை வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியை எடுத்துவந்து, புற ஊதாக் கதிரான எக்ஸைமர் லேசரை அதன்மேல் பாய்ச்சினார். கருகல் இல்லாமல், கத்தியால் சீவியதுபோல் வெட்டு! ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் கூட்டாளிகள். துடிப்பு மிகக் குறுகியது என்பதால் சூடு பக்கத்துக்குப் பரவ நேரமில்லை. இன்று கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசிக் சிகிச்சைக்கும் இதுவே மூலம்.

கண்ணுக்கு 193 நானோமீட்டர் அலைநீளம். இதயத்துக்கு 308, அதுதான் மெல்லிய கண்ணாடி இழைகள் வழியே போகும். லாஸ் ஏஞ்சல்ஸ் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனையின் கிரண்ட்ஃபெஸ்ட், லிட்வாக், ஃபாரஸ்டர் ஆகியோர் இதை இதயத்துக்குக் கொண்டுபோனார்கள். வானத்து ஓசோனை அளக்க நாசாவின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய லேசர் நுட்பமும் கைகொடுத்தது. 1992-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

ஆனால் கணக்குப் பார்த்தபோது வரவு குறைவு. நெதர்லாந்தில் 308 நோயாளிகளிடம் (அலைநீளமும் 308, வேடிக்கைதான்!) லேசரையும் பலூனையும் ஒப்பிட்டார்கள். 1996-இல் வெளிவந்த முடிவு: லேசரால் கூடுதல் பலன் இல்லை. அதற்குள் ஸ்டென்ட்டும் வந்துவிட்டது. லேசர் ஓரங்கட்டப்பட்டது.

ஒழிந்துபோகவில்லை. ரத்தமும் சாயமருந்தும் கதிரை உறிஞ்சிக் குமிழி கிளப்பிச் சுவரைக் கிழிக்கின்றன என்று தெரிந்தபின், உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே லேசரை இயக்கப் பழகினார்கள். நுனி வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகராது, அவசரப்பட்டால் ஆபத்து. கம்பி நுழைந்தும் பலூன் நுழையாத அடைப்பு, ஸ்டென்ட்டுக்குள்ளேயே மீண்டும் வந்த அடைப்பு, சரியாக விரியாத ஸ்டென்ட் போன்ற சிக்கல்களுக்குத்தான் இன்று பெரும்பாலும் இது வெளியே வருகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது லேசர் என்று எழுதித் தந்தால், இந்த மூன்றில் எது காரணம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டண விவரத்தை அப்புறம் பார்க்கலாம்.